அடுப்பு ஏன் எப்போதும் இடப்பக்கம்? - இங்கிலாந்து கிராமச் சாலைகளில் ஜிப்ஸிகள் வாழ்ந்த கதை

இங்கிலாந்தின் பழைய ஜிப்ஸி குதிரை வண்டி ஒன்றுக்குள் ஏறிப் பார்த்தால், அடுப்பு உங்கள் இடது கைப் பக்கம்தான் இருக்கும். எந்த ஊர்த் தச்சர் செய்த வண்டியானாலும் இதுதான் வழக்கம். வாஸ்து, ராசி என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். காரணம் ரொம்பவே எளிமையானது.

வண்டியின் வாசல் முன்பக்கம், குதிரை பூட்டும் இடத்தில் இருக்கிறது. ஏறுபவர் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடிதான் உள்ளே போவார். அப்போது அவருடைய இடது கைப் பக்கம் என்பது வண்டியின் வலப்பக்கம். நம் ஊரைப் போலவே அங்கேயும் வண்டிகள் சாலையின் இடது ஓரமாகப் போகும். அந்த ஓரத்தில்தான் வேலி மரங்களின் கிளைகள் தாழ்ந்து தொங்கும். புகைக்குழாய் அந்தப் பக்கம் இருந்தால் முதல் மரத்திலேயே இடித்து உடைந்துவிடும். அதனால் அடுப்பும் குழாயும் சாலையின் நடுப்பகுதியை ஒட்டிய பக்கத்துக்குப் போய்விட்டன.

ஒரு வீட்டின் சமையலறை எங்கே இருக்க வேண்டும் என்பதை ஒரு நாட்டின் சாலையோர மரங்கள் தீர்மானித்திருக்கின்றன! ஜிப்ஸிகள் என்றால் ஆட்டம், பாட்டம், குறி சொல்வது என்று மட்டுமே சினிமாவில் பார்த்துப் பழகிய நமக்கு, கிராம வாழ்க்கையோடு அவர்கள் எவ்வளவு பின்னிப்பிணைந்து இருந்தார்கள் என்பதைப் புரிய வைக்க இந்த ஓர் அடுப்பு போதும்.

அந்த வண்டியின் பெயர் வார்டோ. 19-ம் நூற்றாண்டின் மத்தியில்தான் இவை பரவலாகின. அதற்கு முன்பு, வளைத்து நட்ட ஹேசல் குச்சிகளின் மேல் கம்பளியோ கித்தானோ போர்த்திய கூடாரம்தான் வீடு. வார்டோவில் பல ரகங்கள் உண்டு. ரெடிங் நகரின் டண்டன் குடும்பத்துத் தச்சுப்பட்டறையில் உருவான ‘ரெடிங் வண்டி’ பணக்கார ரகம். வளைந்த கூரையில் பச்சைக் கித்தான் போர்த்திய ‘போ டாப்’ எடை குறைவானது, ஓரளவு எளியவர்களும் வாங்கக்கூடியது. உள்ளே பின்பக்கச் சுவரை ஒட்டிக் குறுக்காகப் பெரியவர்களின் படுக்கை, அதற்குக் கீழே கதவு போட்ட அறை மாதிரி ஓர் இடத்தில் குழந்தைகளின் படுக்கை. வெளியே செதுக்கு வேலை, வசதி இருந்தால் தங்க ரேக்கு. பீங்கான் பாத்திரம் என்றால் ‘கிரவுன் டெர்பி’தான் வேண்டும் என்று தேடித்தேடிச் சேர்ப்பார்கள். வங்கிக் கணக்கு இல்லாத குடும்பங்களுக்குச் சொத்து என்பது குதிரையும் பீங்கானும்தான்.

யார் இவர்கள்?

‘பீக்கி பிளைண்டர்ஸ்’ வெப் சீரிஸ் பார்த்தவர்களுக்கு ஷெல்பி குடும்பத்தின் ஜிப்ஸி வேர் தெரிந்திருக்கும். குத்துச்சண்டை ரசிகர்களுக்கு ‘ஜிப்ஸி கிங்’ டைசன் ஃபியூரியைத் தெரியும். சார்லி சாப்ளின் தன் பாட்டி பாதி ஜிப்ஸி என்றும், அதைக் குடும்பத்தில் மறைத்தே வைத்திருந்தார்கள் என்றும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

ஆனால், எல்லோரையும் ஒரே பெயரில் அடக்கிவிட முடியாது. பிரிட்டனில் இன்று அரசு ஆவணங்கள் ‘ஜிப்ஸி, ரோமா, டிராவலர்’ என்று மூன்று பெயர்களைச் சேர்த்தே எழுதுகின்றன. 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்து சேர்ந்த ரோமானி மக்கள்தான் ஆங்கில ஜிப்ஸிகள். ஸ்காட்லாந்து அரசரின் கருவூலக் கணக்கில் 1505-லேயே அவர்களுக்குப் பணம் கொடுத்த குறிப்பு இருக்கிறது. ரோமா என்பவர்கள் அண்மைக் காலத்தில், குறிப்பாக 2004-ல் ஐரோப்பிய ஒன்றியம் விரிந்த பிறகு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். ஐரிஷ் டிராவலர்கள் முற்றிலும் வேறு வேர். அவர்கள் அயர்லாந்து மண்ணின் மக்கள். 2017-ல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, அவர்கள் ஏனைய ஐரிஷ் மக்களிடமிருந்து பிரிந்து சுமார் 360 ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்றும், ரோமானி மக்களோடு ரத்தத் தொடர்பு இல்லை என்றும் சொன்னது. அதே ஆண்டு மார்ச் 1-ம் தேதிதான் அயர்லாந்து அரசு அவர்களைத் தனி இனக்குழுவாக ஏற்றுக்கொண்டது.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘ஜிப்ஸி அல்லது ஐரிஷ் டிராவலர்’ என்று பதிவு செய்தவர்கள் சுமார் 71,000 பேர். ரோமா என்று பதிவு செய்தவர்கள் சுமார் 1,01,000 பேர்.

ஜிப்ஸி என்ற சொல்லே ஒரு தவறான முகவரியிலிருந்து வந்தது. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று நினைத்து ‘எஜிப்ஷியன்’ என்றார்கள். அது சுருங்கி ‘ஜிப்ஸி’ ஆகிவிட்டது. ஐரோப்பாவின் பல இடங்களில் இது வசைச்சொல். இங்கிலாந்து ரோமானி மக்களில் பலர் மட்டும் இதைத் தங்கள் பெயராகவே பெருமையோடு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மனுஷும் பத்திரமும்

அப்படியானால் எங்கிருந்துதான் வந்தார்கள்? நம் இந்தியாவிலிருந்து! ரோமானி மொழியில் பானி என்றால் தண்ணீர். நாக் என்றால் மூக்கு. கான் என்றால் காது. இந்தி தெரிந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். மனுஷ் என்றால் மனிதன். இதற்கு நமக்கு அகராதியே வேண்டாம்.

ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினால் அவர்கள் நடந்து வந்த பாதையே தெரியும். யேக், துய், திரின், ஷ்தார், பாஞ்ச், ஷோவ் என்று ஆறு வரை இந்திய வாடை. ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் எஃப்தா, ஓக்தோ, எஞா. இவை கிரேக்கச் சொற்கள். பத்துக்கு மறுபடி தேஷ், அதாவது தசம். வடமேற்கு இந்தியாவிலிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்போ, அதற்கும் முன்போ புறப்பட்டு, பாரசீகம், ஆர்மீனியா, கிரேக்கம் பேசிய பைசாந்தியப் பேரரசு என்று தங்கித் தங்கி வந்ததை மொழியியலாளர்கள் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். ஊர்ப் பதிவேடு எழுதி வைக்காத மக்கள், தங்கள் பயணத்தை வாயிலேயே சுமந்துகொண்டு வந்திருக்கிறார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு சுவாரஸ்யமான கதை 1770-களில் வியன்னாவில் அச்சானது. ஹங்கேரியைச் சேர்ந்த வாலி என்ற மாணவர், நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் மூன்று ‘மலபார்’ மாணவர்களைச் சந்தித்தாராம். அவர்களிடமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களை எழுதி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய், அங்கிருந்த ஜிப்ஸிகளிடம் வாசித்துக் காட்ட, அவர்களுக்கு அர்த்தம் புரிந்ததாம். அந்தக் காலத்தில் ஐரோப்பியர்கள் தமிழையே ‘மலபார் மொழி’ என்று எழுதினார்கள் என்பதால் நமக்கு ஆசை பிறப்பது இயல்பு. ஆனால் கதையில் ஓட்டை இருக்கிறது. ரோமானி, இந்தி, பஞ்சாபி போன்ற மொழிகளின் குடும்பம். தமிழோ மலையாளமோ கேட்டிருந்தால் அந்த ஜிப்ஸிகள் விழித்திருப்பார்கள். கதையை ஆய்வாளர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். இந்தியத் தொடர்பு மட்டும் உண்மை.

நம் ஊரில் நரிக்குறவர் மக்களை ஆங்கிலத்தில் ஜிப்ஸி என்று எழுதும் பழக்கம் உண்டு. அவர்கள் பேசும் வாக்ரிபோலியும் வட இந்திய மொழிக் குடும்பம்தான். அதற்காக இருவரும் ஒரே கிளை என்று முடிவு கட்டிவிட முடியாது.

இங்கிலாந்து கிராமத்துக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு ரோமானி சொல் பத்ரின். இலை என்று பொருள். வில்வ பத்திரம் என்கிறோமே, அதே பத்திரம்தான். முன்னால் போகும் குடும்பம் நாற்சந்தியில் ஒரு கொத்து இலையையோ புல்லையோ குறிப்பிட்ட விதத்தில் வைத்துவிட்டுப் போகும். பின்னால் வரும் உறவினர்கள் அதைப் பார்த்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிந்துகொள்வார்கள். மற்றவர் கண்ணுக்கு அது வெறும் குப்பை. அவர்களுக்கு அதுதான் லொகேஷன் ஷேர்! நாம் சொல்லும் பத்திரிகையும் இதே இலையிலிருந்து முளைத்த சொல் என்பது கூடுதல் தகவல்.

அறுவடைக்கு வந்த கைகள்

ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். ஜிப்ஸிகள் சும்மா சுற்றித் திரிந்தவர்கள் இல்லை. அவர்களுடைய பயணம் பயிர்களின் பஞ்சாங்கத்தை ஒட்டியது. கோடையின் தொடக்கத்தில் ஸ்ட்ராபெரி, பட்டாணி. அடுத்து செர்ரி, பீன்ஸ். செப்டம்பரில் ஹாப்ஸ். அக்டோபரில் ஆப்பிள், உருளைக்கிழங்கு. குளிர்காலத்தில் வயலில் வேலை இருக்காது. அப்போது கூடை, துணிக் கிளிப், மலர் வளையம். வருடம் முழுக்க ஆள் வைத்துக்கொள்ள விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. நான்கு வாரத்துக்கு மட்டும் நூற்றுக்கணக்கான கைகள் வேண்டும். அந்த நான்கு வாரத்துக்குச் சரியாக வந்து, வேலை முடிந்ததும் போய்விடும் ஆட்கள் இருந்ததால்தான் கென்ட் மாவட்டத்துத் தோட்டங்கள் ஓடின. நடவுக்கும் அறுப்புக்கும் வெளியூர் ஆட்களை நம்பியிருந்த நம் டெல்டா மிராசுதார்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும்.

ஹாப்ஸ் என்பது கொடி. அதன் பூக்காய்தான் பீருக்குக் கசப்பையும் மணத்தையும் கொடுக்கிறது. உயரமாகக் கட்டிய கயிறுகளில் ஏறிப் படர்ந்திருக்கும் கொடியை இழுத்துக் கீழே போட்டு, பூக்களை மட்டும் உருவி, மரச்சட்டத்தில் தொங்கும் கோணித் தொட்டியில் நிரப்ப வேண்டும். கூலி நாள் கணக்கில் இல்லை, மரக்கால் கணக்கில். அளப்பவர் பூவை அமுக்கி அளந்தால் கூலி குறையும். அதற்காகவே சண்டைகள் நடக்கும். கென்ட் தோட்டங்களில் லண்டன் ஏழைகளும் ரயிலேறி வந்து, ஜிப்ஸிகளுக்குப் பக்கத்திலேயே பறித்தார்கள். மேற்கே ஹியர்ஃபோர்டு, ஊஸ்டர் பகுதிகளிலும் இதே காட்சிதான்.

1853 அக்டோபர் 20. கென்டில் அன்று வேலை முடிந்து ஹாப்ஸ் பறிப்பவர்கள் வண்டியில் முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மழையால் மெட்வே ஆற்றில் வெள்ளம். ஹார்ட்லேக் என்ற இடத்தில் மரப்பாலத்தைக் கடந்தபோது அதன் பக்கவாட்டுத் தடுப்பு உடைந்து, வண்டி ஆற்றுக்குள் விழுந்தது. 30 பேர் மூழ்கி இறந்தார்கள். ஜிப்ஸிகளும், அயர்லாந்திலிருந்து கூலிக்கு வந்தவர்களும்தான் அவர்களில் பெரும்பாலோர். ஹாட்லோ கிராமத்து தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஹாப்ஸ் உலர்த்தும் கூம்புக் கூரைக் கட்டடத்தின் வடிவில் அதைக் கட்டியிருக்கிறார்கள். ஊர் ஊராகப் போனவர்களுக்கு ஓர் ஊரில் நிலையாக இருக்கும் அடையாளம் அது.

ஹாப்ஸ் தோட்டத்தில் வேலை மட்டும் நடக்கவில்லை. 1912 செப்டம்பரில் இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸும், நாட்டார் வழக்காறுகளைச் சேகரித்து வந்த எல்லா லெதரும் ஹியர்ஃபோர்டு பகுதித் தோட்டங்களுக்குப் போனார்கள். அங்கே ஹாப்ஸ் பறித்துக்கொண்டிருந்த ஜிப்ஸிகள் பாடிய பழைய ஆங்கிலப் பாடல்களைக் கேட்டு மெட்டுகளைக் குறித்துக்கொண்டார்கள். கவனியுங்கள்... ஜிப்ஸி பாடல்கள் இல்லை, ஆங்கிலப் பாடல்கள்! ஊர்க்காரர்கள் மறந்துபோனதை, ஊர் எல்லையில் தங்கியவர்கள் நினைவில் வைத்திருந்தார்கள். இன்று ‘ஆங்கில நாட்டுப்பாடல் மரபு’ என்று மேடைகளில் பாடப்படுவதில் கணிசமான பகுதி இப்படிப் பிழைத்ததுதான்.

1950-களிலும் 60-களிலும் ஹாப்ஸ் பறிக்கும் இயந்திரம் வந்தது. ஒரு தலைமுறைக்குள் அந்த நான்கு வார வேலை காணாமல் போய்விட்டது.

ஒரு டஜன் கிளிப், ஒரு பழைய டப்பா

வேலி ஓரத்து வில்லோ அல்லது ஹேசல் குச்சி. அதை விரல் நீளத்துக்கும் சற்று அதிகமாக நறுக்கி, பட்டை உரித்துக் காய வைக்க வேண்டும். தூக்கிப்போட்ட தகர டப்பாவிலிருந்து மெல்லிய பட்டை வெட்டி, குச்சியின் ஒரு முனையில் சுற்றிச் சிறு ஆணி அடிக்க வேண்டும். மறுமுனையைப் பிளந்து, வாயைச் சீவிவிட்டால் துணி மாட்டும் கிளிப் ரெடி. முதலீடு ஒரு கத்தி, ஒரு சுத்தியல். ஆண்கள் செய்வார்கள், பெண்கள் கூடையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் டஜன் கணக்கில் விற்பார்கள். எல்டர் மரக்குச்சியைச் சுருள் சுருளாகச் சீவிச் சாயம் ஏற்றிய மரப்பூக்களும் அதே கூடையில் இருக்கும். பிளாஸ்டிக் கிளிப் வந்ததும் இந்தக் கதை முடிந்தது.

ஐரிஷ் டிராவலர்களின் கைத்தொழில் தகரம். வாளி, குவளை செய்வது, ஓட்டைப் பாத்திரத்தை அடைப்பது. நம் தெருக்களில் ‘ஈயம் பூசலையோ’ என்று குரல் கொடுத்து வந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வாளி இரண்டு நாட்டிலும் ஒரே வேலையைத்தான் செய்தது. அதன் பிறகு அவர்கள் பழைய இரும்பு வியாபாரம், தார் போடுவது, மரம் வெட்டுவது என்று மாறிக்கொண்டார்கள்.

வண்டிக்குள் சுத்தம் பற்றிய விதிகள் கறாரானவை. பாத்திரம் கழுவும் தொட்டி வேறு, துணி துவைக்கும் தொட்டி வேறு. தவறி மாற்றிவிட்டால் அந்தத் தொட்டியையே தூக்கிப்போட்டுவிடுவார்கள். தீட்டுப்பட்டதைக் குறிக்க ‘மொகாடி’ என்று ஒரு சொல்லே இருக்கிறது. தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்யும் பூனை அசுத்தம். எச்சில், பத்து என்று பார்க்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பார்க்கும் இவர்களைத்தான் ஊர்க்காரர்கள் ‘அழுக்கானவர்கள்’ என்று திட்டினார்கள்.

இறப்பு நேர்ந்தால், இறந்தவரை தேவாலயத்தில் முறைப்படி அடக்கம் செய்வார்கள். பிறகு அவருடைய வார்டோவையும் உடைமைகளையும் எரித்துவிடுவார்கள். பீங்கானை உடைத்துவிடுவார்கள். ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ தொடரில் வரும் எரியும் வண்டிக் காட்சிக்கு மூலம் இந்த வழக்கம்தான். விலை மதிப்புள்ள வண்டியை எரிப்பதா என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்கு, இறந்தவரின் பொருளை வைத்துப் பிழைப்பதுதான் அவமானம்.

இதனால்தான் இவர்களுடைய பாரம்பரியத்தைப் பாதுகாப்பது சிக்கலாகிறது. மியூசியம் என்பது பொருளை வைத்துக்கொள்ளும் இடம். இவர்கள் மரபோ பொருளை விட்டுவிடும் மரபு. இவர்களைப் பற்றிய பழைய எழுத்துகளும் பெரும்பாலும் வெளியாட்கள் எழுதியவை. 1888-ல் தொடங்கப்பட்ட ‘ஜிப்ஸி லோர் சொசைட்டி’ சேகரித்த சொற்கள், கதைகள், புகைப்படங்கள் இன்று லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அந்தக் கனவான்கள் சேகரித்தது பெரிய சேவைதான். ஆனால் அவர்களில் சிலர் ‘கலப்பில்லாத அசல் ஜிப்ஸி’யைத் தேடினார்களே தவிர, பக்கத்து வயலில் உருளைக்கிழங்கு தோண்டியவரைக் கண்டுகொள்ளவில்லை. 2008 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் ‘ஜிப்ஸி, ரோமா, டிராவலர் வரலாற்று மாதம்’ கடைப்பிடிக்கப்படுகிறது. பள்ளிகளிலும் நூலகங்களிலும் அந்தச் சமூகத்தினரே வந்து தங்கள் கதையைச் சொல்கிறார்கள்.

ஆற்றில் குளிக்கும் குதிரைகள்

அதே ஜூன் மாதத் தொடக்கத்தில் வடக்கே கம்ப்ரியாவில் இருக்கும் ஆப்பிள்பி என்ற குட்டி நகரம் தலைகீழாக மாறிவிடும். 1775 முதல் நடக்கும் குதிரைச் சந்தை அது. சுமார் 10,000 ஜிப்ஸிகளும் டிராவலர்களும் வந்து இறங்குவார்கள். வேடிக்கை பார்க்க இன்னும் 30,000 பேர். இளைஞர்கள் சேணமில்லாத குதிரைகளை ஈடன் ஆற்றுக்குள் இறக்கி, சோப்பு போட்டுக் குளிப்பாட்டுவதுதான் சந்தையின் அடையாளப் படம். கறுப்பு வெள்ளைத் திட்டுகளும், குளம்பை மூடும் அளவுக்குக் கால்களில் நீண்ட ரோமமும் கொண்ட ‘ஜிப்ஸி கோப்’ ரகத்தை இங்கே அதிகம் பார்க்கலாம். வண்டி இழுப்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக அவர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்த குதிரை இது.

நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து ரகசியமாக விலை பேசுவார்கள் இல்லையா? அங்கே நேர் எதிர். ஊரே பார்க்க, உள்ளங்கையோடு உள்ளங்கையை ஓங்கி அறைந்து விலை பேசுவார்கள். கடைசி அறை விழுந்தால் வியாபாரம் முடிந்தது. விற்றவர் ‘அதிர்ஷ்டக் காசு’ என்று கொஞ்சம் பணத்தை வாங்கியவரிடமே திருப்பிக் கொடுப்பார்.

சந்தைக்கு வருவது வியாபாரத்துக்கு மட்டும் இல்லை. சிதறிக் கிடக்கும் சொந்தங்கள் சந்திக்கும் இடம், பெண் பார்க்கும் இடம், பையன் பார்க்கும் இடம் எல்லாம் அதுதான். ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர் கடையைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்விடுவார்கள். இன்னொரு பகுதியினர் அந்த ஒரு வாரத்தில் நல்ல காசு பார்ப்பார்கள்.

நிற்பதே குற்றம்

ஜிப்ஸிகள் மேல் போடப்பட்ட முதல் ஆங்கிலச் சட்டம் எட்டாம் ஹென்றி காலத்தது. 1530-ல் வந்த ‘எகிப்தியர் சட்டம்’ 16 நாள்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னது. 1554-ல் வந்த சட்டம் ஒரு மாதத்துக்கு மேல் தங்கினால் மரண தண்டனை என்றது. மரண தண்டனைச் சட்டங்கள் முழுமையாக நீங்க 1783 ஆனது. அதே பிரிட்டிஷ் அரசுதான் 1871-ல் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது என்பதை இங்கே நினைவுபடுத்தத் தேவையில்லை. உசிலம்பட்டி பக்கம் கேட்டால் சொல்வார்கள்.

20-ம் நூற்றாண்டில் தூக்குமேடை இல்லை, ஃபைல் வந்தது. 1926-ல் நியூ ஃபாரஸ்ட் காட்டில் வாழ்ந்த ஜிப்ஸிகளை ஏழு முகாம்களுக்குள் மட்டும் தங்க அனுமதித்தார்கள். 1959-ன் நெடுஞ்சாலைச் சட்டம், சாலையோரத்தில் ஒரு ஜிப்ஸி முகாமிட்டால் அது குற்றம் என்றது. அடுத்த ஆண்டு வந்த கேரவன் சட்டம், விவசாயிகள் தங்கள் நிலத்தில் அவர்களைத் தங்கவைப்பதையும் கடினமாக்கியது. ஹாப்ஸ் இயந்திரமும் இந்தச் சட்டங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தன. வேலை போன அதே வருடங்களில் நிற்கும் இடமும் போனது.

தங்குமிடத்தை ரோமானி மொழியில் ‘அட்சின் டான்’ என்பார்கள். டான் என்பது நம் ஸ்தானம். பல தலைமுறைகளாக வண்டி நின்ற அந்த ஸ்தானங்களில் பாறாங்கல்லை உருட்டிவைத்தும், பள்ளம் தோண்டியும் அடைத்தார்கள்.

லண்டனை ஒட்டிய ஆர்பிங்டன் தொகுதி எம்.பி எரிக் லபக் 1968-ல் ஒரு சட்டத்தை நிறைவேற்ற வைத்தார். உள்ளாட்சி அமைப்புகள் கேரவன்களுக்கு இடம் ஒதுக்கியாக வேண்டும் என்றது அது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1971 ஏப்ரலில், அதே ஆர்பிங்டன் அருகில்தான் முதல் உலக ரோமானி மாநாடு நடந்தது. இந்திய அரசும் உதவிய அந்த மாநாட்டில் ரோமானி கொடி ஏற்கப்பட்டது. மேலே நீலம், கீழே பச்சை, நடுவில் 16 ஆரங்கள் கொண்ட சிவப்புச் சக்கரம். வண்டிச் சக்கரமும் அதுதான், நம் தேசியக் கொடியின் சக்கரத்தை நினைவூட்டுவதும் அதுதான்.

1988-ல் ‘டிராவலர்களுக்கு அனுமதி இல்லை’ என்று ஒரு மதுக்கூடம் வைத்த போர்டு நீதிமன்றம் வரை போனது. ஜிப்ஸிகள் சட்டப்படி ஓர் இனக்குழு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான். ஆனால் 1994-ல் வந்த புதிய சட்டம், இடம் ஒதுக்கும் கடமையை உள்ளாட்சிகளிடமிருந்து நீக்கிவிட்டது. 2022 ஜூன் 28 முதல், அனுமதியில்லாமல் ஒரு நிலத்தில் வண்டியோடு தங்குபவர் போகச் சொல்லியும் போகாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, கூடவே வாகனமும் பறிமுதல் ஆகலாம். வாகனம்தான் அவர்களுக்கு வீடு. வரலாற்று மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது அமலுக்கு வந்தது இந்தச் சட்டம்! இதனோடு சேர்த்து, வெளியேற்றப்பட்ட இடத்துக்கு 12 மாதம் திரும்பக் கூடாது என்று நீட்டித்த பிரிவு, மனித உரிமைகளுக்கு முரணானது என்று 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் அறிவித்தது.

இதைவிட விசித்திரமானது 2015-ல் அரசு மாற்றிய ஒரு வரையறை. நிரந்தரமாகப் பயணத்தை நிறுத்திவிட்டவர், நில அனுமதி விதிகளின்படி ‘ஜிப்ஸி’ கிடையாது என்றது அது. முதுமையால் நிறுத்தினாலும் சரி, நோயால் நிறுத்தினாலும் சரி. அதாவது, பயணம் செய்தால் நிற்க இடம் கிடையாது. பயணத்தை நிறுத்தினால் ஜிப்ஸியே கிடையாது. மாற்றுத்திறனாளிகள் இருந்த ஒரு குடும்பம் வழக்கு போட்டு, 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. 2023 டிசம்பரில் அரசு பழைய வரையறைக்கே திரும்பியது.

இன்று ஜிப்ஸி, ஐரிஷ் டிராவலர் மக்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் செங்கல் வீடுகளில்தான் வசிக்கிறார்கள். விரும்பிப் போனவர்களும் உண்டு, வேறு வழியில்லாமல் போனவர்களும் உண்டு. சாலையில் இருப்பவர்களுக்கு லீட்ஸ் நகரம் ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தது. ‘பேசித் தீர்த்துத் தங்குதல்’ என்று சொல்லலாம். ஒரு குடும்பம் வந்து நின்றதும் போலீஸை அனுப்பாமல், உள்ளாட்சி அதிகாரிகள் போய்ப் பேசுகிறார்கள். எத்தனை நாள் தங்குவீர்கள், எத்தனை வண்டி, எங்கே நின்றால் ஊருக்கு இடைஞ்சல் இல்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். நிர்வாகம் கழிப்பறையும் குப்பைத்தொட்டியும் கொடுக்கிறது. குடும்பங்கள் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, சொன்ன தேதியில் கிளம்புகின்றன. வழக்கு போட்டு விரட்டுவதைவிடச் செலவும் குறைவு என்பதால், வேறு சில உள்ளாட்சிகளும் இதைக் கையில் எடுத்திருக்கின்றன.